இரண்டாவது கயிறு

அன்பு மகள் ஜெயந்திக்கு,

அப்பா எழுதுவது. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, நானேதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. எழுதியதும் தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்க்கிறேன். வரி வரியாக என் கையெழுத்து. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாக்கக் கடிச்சுக்கிட்டு எழுதுறதப் பாரு, ஒண்ணாப்புப் புள்ள தோத்துப்போகும்" என்கிறாள். சொல்லட்டும். இந்தச் சந்தோஷத்தை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் இதற்கு மேல் எழுதப்போவது நான் பயந்து கிடந்த கதை. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு மேலே படி. முடிவை இப்போதே சொல்லிவிடலாம்தான். ஆனால் முடிவை முதலில் எழுதினால் நடுவில் நடந்தது எனக்கு மறந்துவிடும். நான் வரிசையாகப் போனால்தான் போக முடியும்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் நீ போனில், "கடையில ஒண்ணும் பிரச்சினை இல்லையேப்பா?" என்று கேட்டாய். "மழதான் தாயி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். மழை பெய்தது உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் கம்ப்யூட்டர் என் எதிரே செத்துக் கிடந்தது. அதற்குள் உன் கல்யாணம் இருந்தது.

கல்யாணம் முடிந்து நீ ஓசூருக்குக் கிளம்பிய அன்று உன் போட்டோ ஸ்டுடியோவை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாய். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது, படம் எடுக்க வருகிறவர்களை உன் தோழி ஸ்டெல்லாவிடம் அனுப்புவது, கம்ப்யூட்டரைத் தினமும் ஒரு முறை போட்டு அணைப்பது, இவ்வளவுதான் என் வேலை. நான் படித்துப் பழகட்டும் என்று அதைத் தமிழுக்கு மாற்றி வைத்தாய். அதுவரை நான் எழுத்தறிவு வகுப்பில் டீச்சர் பலகையில் எழுதியதை மட்டும் படித்திருந்தேன். டீச்சர் எழுதுவது எனக்காக எழுதுவது. கம்ப்யூட்டர் எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னது. மூடு, சேமி, அச்சிடு என்று அது காட்டும் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்தேன். மத்தியான நேரத்தில் ஆள் வராதபோது ஒரு விரலால் நானும் கொஞ்சம் தட்டிப் பழகினேன். நீ ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாய். "அது எது கேட்டாலும் பிறகுன்னு ஒரு பட்டன் இருக்கும்ப்பா. அத மட்டும் அமுக்குங்க."

நானும் அமுக்கினேன். நீ போன சில நாளிலேயே அது கேட்க ஆரம்பித்தது. "புதிய பதிப்பு தயாராக உள்ளது. இப்போது நிறுவலாமா?" கீழே இரண்டு பொத்தான்கள், 'இப்போது', 'பிறகு'. நான் 'பிறகு' அமுக்குவேன். அடுத்த நாள் மறுபடியும் கேட்கும். மறுபடியும் 'பிறகு'. எனக்குச் சங்கடமாகிக்கொண்டே வந்தது. உனக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நினைத்துப் பார். ரேஷன் கடையில், பேங்கில், ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி "இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று நான் எத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறேன். "அப்புறம் வாய்யா" என்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, அவரவருக்கு வேலை. ஆனால் அந்த 'அப்புறம்' எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது ஒன்று என்னிடம் வந்து தினமும் மரியாதையாகக் கேட்கிறது, நானும் தினமும் பிறகு என்கிறேன். அன்றைக்குக் காலையில் மனசு பொறுக்கவில்லை. 'இப்போது' என்பதை அமுக்கிவிட்டேன். அமுக்கியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திரை நீலமாகி எண் ஏற ஆரம்பித்தது. "கணினியை அணைக்க வேண்டாம்" என்று போட்டது. அதை நான் சரியாகப் படித்தேன் தாயி, அதில் பிழை இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினேன். கை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காவல் காத்தேன். அப்போதுதான் ஒரு இடி இடித்துக் கரண்டு போனது. மேஜைக்குக் கீழே இருக்கிற யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. அது அப்படிக் கத்தும் என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு நினைவில்லை. அம்மா ஓடி வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் எழுதுகிறேன். அவள் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

கரண்டு வந்ததும் போட்டுப் பார்த்தோம். ஒரு வளையம் சுற்றியது. "பழுதுபார்ப்பு தயாராகிறது" என்று வந்தது. நல்ல சொல்தானே என்று நம்பிக்கையோடு இருந்தேன். திரை கறுத்தது. மறுபடி வளையம், மறுபடி அதே சொல், மறுபடி கறுப்பு. உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டுவது போல டிக் டிக்கென்று ஒரு சத்தம். எத்தனை முறை போட்டாலும் அதே.

"படிக்கத் தெரியாம இருந்தவரைக்கும் இந்த வீட்டுல ஒரு சாமானும் கெட்டதில்ல" என்றாள் அம்மா.

"ஒயரப் புடுங்குனது நானா?"

"அது அம்புட்டுச் சத்தம் போட்டுச்சு. வெடிச்சா யாரு பாக்குறது? நீங்க பொம்ம கணக்கா உக்காந்திருக்கீக."

"அணைக்க வேண்டாம்னு போட்டிருந்துச்சுல்ல. ஒனக்குப் படிச்சுக் காட்டுனேன்ல."

"படிச்சுக் காட்டுனீக. பிறகுன்னு புள்ள சொல்லியும் ஏன் அமுக்குனீகன்னு சொல்லலயே."

ரெண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. உன் கல்யாணப் படம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. படம் எடுத்த ஸ்டெல்லா எல்லாவற்றையும் உன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் ஆல்பம் செய்து கொடுத்த நீ, "என் ஆல்பத்த நானே பண்ணணும். தலை தீபாவளிக்கு வரும்போது உக்காந்து பண்ணுறேன், அதுவரைக்கும் யாரும் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் மாமியார் போனில் பேசும்போதெல்லாம், "ஆல்பம் தீபாவளிக்கு வந்துருமா சம்பந்தி?" என்று கேட்கிறார். ஆசையாகத்தான் கேட்கிறார். ஆனால் புது சம்பந்தம். பெண்ணைக் கொடுத்து ரெண்டு மாதத்தில், கல்யாணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு தகப்பன் எப்படிச் சொல்வான்? உனக்குப் புடவையும் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறோம். நீ வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய், அப்போது உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. நீ கிளம்புகிற அன்று காலையில் உள்ளங்கை அளவு ஒரு கறுப்புப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகி வெகுநேரம் காத்திருந்தாய். என்ன இது என்று கேட்டேன். நீ எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றியதும் நாங்கள் ஒரு கயிறு கட்டுவோம். அதன் மேலேயே குறுக்காக இன்னொரு கயிறு கட்டுவோம். டிரைவர் அவசரப்படுவார், போதும் விடுங்கப்பா என்பார். ரெண்டாவது கயிறு விழாமல் லாரியை நகர விட மாட்டோம். மலை வளைவில் ஒன்று அறுந்தால் மற்றது பிடிக்கும். இதை நான் உனக்குச் சின்ன வயதில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நீ அந்தப் பெட்டியைக் காட்டி, "இதுதான்ப்பா ரெண்டாவது கயிறு. கம்ப்யூட்டர்ல இருக்குற எல்லாம் இதுலயும் இருக்கு. கம்ப்யூட்டர் பக்கத்துல வைக்காதீங்க, வேற எடத்துல பத்திரமா வைங்க" என்றாய்.

வீட்டில் இருப்பதிலேயே பத்திரமான இடத்தில்தான் வைத்திருந்தேன். சாமி மாடத்தில். அதை எடுத்துத் துண்டில் சுற்றினேன். கம்ப்யூட்டரின் பெரிய பெட்டியை அம்மாவின் பழைய போர்வையில் சுற்றினேன். மறுநாள் காலையில் ரெண்டையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, தூறலில் பேகம்பூர் போனேன். நீ எப்போதும் போகிற சையதுவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ குதிக்கும்போது, "மெதுவாப் போப்பா" என்றேன். "உள்ள என்னய்யா, புள்ளயா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சையது பெரிய பெட்டியைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் நீ பிறந்தபோது கதவைத் திறந்து வந்த நர்சம்மா முகத்தை இப்படித்தான் பார்த்தேன்.

"டிஸ்க்கு பழசு மாமா. ஏற்கனவே நொண்டிக்கிட்டு இருந்திருக்கும். புதுசா ஏத்துறப்ப பாதியில கரண்டு போச்சுல்ல, மொத்தமாப் படுத்துருச்சு."

"உள்ள படமெல்லாம் இருக்கு மாப்ளே. பாப்பா கல்யாணப் படம்."

"இதுலருந்து எடுக்க முடியுமான்னு நான் சொல்ல மாட்டேன். ஜெயந்தி வெவரமான புள்ள. பேக்கப் வச்சிருக்குமே?"

நான் துண்டைப் பிரித்து உன் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். பெருமையோடு கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சையது அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாமா, இது என்ன?"

"பேக்கப்பு."

"அது தெரியுது. இதுக்கு யாரு சந்தனக்காப்புச் சாத்துனது?"

நான்தான் சாத்தினேன் தாயி. உன் உழைப்பு முழுவதும் இதில் இருக்கிறது என்று நீ சொன்னாய். மாடத்தில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மா எல்லாப் படத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். பக்கத்திலேயே இருக்கிற அதற்கு மட்டும் வைக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. சந்தனத்தை நல்ல கெட்டியாகக் குழைத்து வைத்தேன். ஆவணியிலிருந்து ஐப்பசி வரை ஒரு வெள்ளியும் விட்டதில்லை.

"எடம் பாத்து வச்சிருக்கீங்களே மாமா" என்றார் சையது. "இம்புட்டுப் பெரிய பெட்டியில வேற எடமா கெடைக்கல?"

"முகத்துலதான வைக்கணும்? அந்தப் பக்கம்தான் கண்ணு மாதிரி ஒரு சின்ன லைட்டு இருந்துச்சு. கீழ வாய் மாதிரி ஒரு ஓட்டை."

"வாயேதான். அந்த வாயிலதான் ஒயரு சொருகணும். நீங்க வாய்க்கரிசி போட்ட மாதிரி அடைச்சு வச்சிருக்கீங்க." என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாதீங்க மாமா. சும்மா சொன்னேன். எங்க வீட்டுலயும் புதுக் கட தொறந்தா பாத்தியா ஓதி சாம்பிராணி போடுவோம். பெட்டிக்குள்ள போட மாட்டோம், அம்புட்டுதான் வித்தியாசம்."

ஊசி மாதிரி ஒரு கம்பியும் மெல்லிய பிரஷும் எடுத்து, ஸ்பிரிட்டில் தோய்த்துத் தோய்த்துச் சுரண்டினார். மஞ்சளாகத் தூள் கொட்டியது. அதில் சந்தன வாசனையும் வந்தது. எனக்கு அந்த வாசனையே பிடிக்காமல் போய்விட்டது. உள்ளே ஈரம் போயிருந்தால், துருப்பிடித்திருந்தால் என்னாகும் என்று கேட்டேன். "ஈரம் போயிருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். இன்றைக்குச் சொருகிப் பார்க்கக் கூடாது, நன்றாகக் காயட்டும், அதற்குள் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் போட்டு வைக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார். முதல் கயிறு அறுந்துவிட்டது. ரெண்டாவது கயிற்றை நானே வாரா வாரம் பூஜை செய்து அரித்து வைத்திருக்கிறேன். வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அன்று சாயங்காலம் நீ மறுபடியும் பேசினாய். "ஏம்ப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாய். "வெஞ்சனத்துல ஒங்க அம்மா காரத்த அள்ளிக் கொட்டிட்டா" என்றேன். அம்மா பக்கத்தில் நின்று முறைத்தாள். நீ சிரித்தாய். ஓசூரில் குளிர ஆரம்பித்துவிட்டது, மாமியார் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாய். எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. அதுதான் எனக்கு இப்போதும் வருத்தம். ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு பேசினால், எதிரில் இருப்பவர் சொல்கிற நல்ல சேதிகூட நமக்குள் போவதில்லை. புது வீட்டில் உனக்கும் ஏதாவது கைதவறும். பால் பொங்கி வழியும், மாப்பிள்ளையின் சாமான் ஏதாவது உன் கையில் உடையும், யாரிடமாவது ஒரு வார்த்தை கூடிப்போகும். அன்றைக்கே சொல்லிவிடு. திட்டினால் திட்டட்டும். மறைத்து வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அதைவிடக் கஷ்டம். இந்த வயதில் நான் தெரிந்துகொண்டதை உனக்கு இப்போதே சொல்கிறேன்.

மறுநாள் நான் போனபோது சையது ஷட்டரையே அப்போதுதான் தூக்கினார். "ராத்திரி தூங்கலயா மாமா?" என்றார். உன் பெட்டியில் ஒயரைச் சொருகினார். அந்தக் கண் எரியவில்லை. சொருகியதை எடுத்து ஊதி மறுபடி சொருகினார். எரியவில்லை. வெளியே பள்ளிவாசல் பக்கம் யாரோ வெள்ளைப்பூண்டு கூவி விற்றுக்கொண்டு போனார். சையது மேஜை இழுப்பறையைக் குடைந்து வேறொரு ஒயரை எடுத்தார். அதைச் சொருகி ஒரு பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்தார். நீல வெளிச்சம் ஒரு தடவை மினுக்கி, அணைந்து, பிறகு நின்று எரிந்தது.

"பேசுது மாமா" என்றார்.

திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. நீ எல்லாவற்றுக்கும் தமிழில்தான் பெயர் வைத்திருந்தாய். "என்னென்ன இருக்குன்னு நீங்களே படிச்சுக்கிட்டு இருங்க, நான் டீ சொல்லிட்டு வாரேன்" என்று சையது எழுந்து போனார். நான் திரைக்குப் பக்கத்தில் போய் விரல் வைத்துப் படித்தேன். தாடிக்கொம்பு காதுகுத்து. ஒட்டன்சத்திரம் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். ஸ்டெல்லா அக்கா மகன் சர்ச்சில் புது நன்மை. பழனி ரோடு வளைகாப்பு. ஒவ்வொன்றும் நீ வெயிலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் வந்த நாள். நான் தேடியது உன் பெயரை. ஜ என்ற எழுத்தை வகுப்பில் கடைசியாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் அதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். கடைசி வரை போனேன். ஜெயந்தி என்று ஒன்றும் இல்லை. மேலேயிருந்து மறுபடி வந்தேன். இல்லை. அவசரத்தில் ஏற்றாமல் போய்விட்டாயோ, ஊருக்கெல்லாம் எடுத்து வைத்தவள் தன்னுடையதை விட்டுவிட்டாளோ என்று பயம் பிடித்தது. சையது டீயோடு வந்து, "என்ன மாமா, வேர்க்குது?" என்றார். "இருய்யா, செத்த இரு" என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை, இந்த முறை உன் பெயரைத் தேடாமல், இருப்பதை இருக்கிறபடி படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. 'நம்ம வீட்டு விசேஷம்.'

நம்ம வீடு என்றுதான் போட்டிருந்தாய். ஊர்ப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. சையது அதைத் திறந்தார். படங்கள் ஒவ்வொன்றாக நிறைய ஆரம்பித்தன. யாரும் பார்க்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். நான் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஒரு படம் மட்டும் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்கிறீர்கள். எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னைப் பார்க்கிறாள். ஓரத்தில் ஒருவன் மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் பூவில் கட்டியிருந்த உன் பெயரை வாயைத் திறந்து படித்துக்கொண்டு நிற்கிறான். சையது அதைப் பெரிதாக்கி, "மாமா, பொண்ணு இந்தப் பக்கம் நிக்கிது" என்றார். சாயங்காலம் வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆல்பத்தில் அந்தப் படத்தைச் சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் நீ விட்டுப் போன மாதிரியே திறந்தது, திரையில் நீ வைத்திருந்த அதே சிறுமலைப் படத்தோடு. சையது இன்னொரு பெட்டியிலும் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். உன் பழைய பெட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, "இனிமே சந்தனத்த டப்பாவுக்கு வைங்க மாமா. உள்ள இருக்குறவரு வாங்கிக்கிருவாரு" என்றார். அம்மா அப்படித்தான் செய்கிறாள். கிளம்பும்போது சையது ஒன்று கேட்டார்.

"பேக்கப் எடுத்த நாளு வரைக்கும்தான் மாமா திரும்ப வரும். அதுக்கப்புறம் ஏதாச்சும் முக்கியமா இதுல வச்சிருந்தீங்களா?"

"ஒண்ணுமில்ல மாப்ளே" என்றேன்.

இருந்தது. அதை உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ போன நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் உனக்கு ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விரலால், மத்தியான நேரங்களில், ரெண்டு மாதமாக. தீபாவளிக்கு நீ வரும்போது அச்செடுத்துக் கொடுக்கலாம் என்று இருந்தேன். நான் முதன்முதலாக எழுதிய கடிதம் அது. அதற்கு ரெண்டாவது கயிறு இல்லை. அதில் என்னென்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, பஸ்ஸில் படியில் நிற்காதே, மாமியார் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு என்று நிறையப் புத்தி சொல்லியிருந்தேன். நீ நடக்கப் பழகியதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். மீதி நினைவுக்கு வரவில்லை. அந்தப் பழைய டிஸ்க்கைச் சையது ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். அது மேஜை மேல் இருக்கிறது. அதற்குள் எங்கேயோ அந்தக் கடிதம் இருக்கும். முதல் நாள் துக்கமாகத்தான் இருந்தது. உன் கல்யாணம் கிடைத்துவிட்டதே, இதைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று அடுத்த நாளே பேனா வாங்கிவிட்டேன். அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன்.

இதை முடித்ததும் பார்த்துப் பார்த்து இதே மாதிரி இன்னொன்று எழுதப்போகிறேன். அது சையது கடை இழுப்பறையில் இருக்கும். வீட்டில் வைக்க மாட்டேன். "நான் படிக்க மாட்டேன் மாமா" என்று அவர் சத்தியம் செய்தார். "படிய்யா, படிக்கத்தான எழுதுறது" என்றேன். முதலில் எழுதிய இது உனக்கு. உறையின் மேல் உன் புது விலாசத்தை நானே எழுதி, தபாலாபீஸ் வரை நானே நடந்துபோய்ப் பெட்டியில் போடுவேன். இது உன் கைக்கு வந்து சேருகிறவரை எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

தீபாவளிக்கு வரும்போது இதைப் பற்றி அம்மா முன்னால் பேச்செடுக்காதே, ஒயர் விஷயம் எழுதியது தெரிந்தால் எனக்குத்தான் கஷ்டம். கிடைத்துவிட்டது என்று சொல்ல போனும் பண்ணாதே. பண்டிகை முடிந்து ஓசூர் திரும்பியதும் ஒரு தாளில் ரெண்டு வரி எழுதித் தபாலில் போடு. என் பெயருக்கு இதுவரை கடிதம் வந்ததில்லை. வந்தால் யாரிடமும் நீட்ட மாட்டேன், நானே படித்துக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா